உள்ளே இருப்பவரின் வயது

மார்ச் 11, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். அக்காவின் வயிற்றைப் பார்த்து "சாப்டியா?" என்று கேட்டுவிட்டேன். "சாப்டீங்களா?" என்று கேட்டிருக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு அறுபத்து நான்கு வயது. எனக்கு இருபத்திரண்டு.

அல்லி அக்காவுக்கு இது எட்டாவது மாதம். எங்கள் தெருவில் குழந்தைகளுக்கு வயிற்றுக்குள்ளேயே வயதாகிவிடும். புகைபோக்கிகள் கடலோரம் இருக்கின்றன. அங்கிருந்து காற்று வீசும் நாளில் ஒரு வயது கூடும். தொப்புள்கொடி ரத்தத்தைப் பார்த்தால் தெரியும்.

நான் மாலை வகுப்பில் ரத்தப் பரிசோதனை படிக்கிறேன். அதனால் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. பிரசவ வார்டின் கதவு வாசலிலிருந்தே தெரிந்தது. நாங்கள் நடக்க நடக்க அது பின்னால் போனது. பாதி வழியில் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நர்ஸ் தன் மேசையோடு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

ரிப்போர்ட்டைப் பார்த்தார். "அறுபது தாண்டிட்டாரு. இங்க சேக்க முடியாது. முதியோர் வார்டு மாடியில."

"இன்னும் பொறக்கவே இல்லியே சிஸ்டர்," என்றேன்.

"அதுக்கு நான் என்னா பண்றது? இப்பல்லாம் வளைகாப்பையும் அறுபதாம் கல்யாணத்தையும் ஒண்ணாவே வெச்சுடறாங்க. ஒரே பந்தி."

அக்கா கேட்டாள். "எவ்ளோ வரைக்கும் போவும்?"

"எண்பதோட சரி. எண்பது ஆயிட்டா மொதல்ல இறப்புச் சான்றிதழ். பொறப்பு அப்புறம்."

பிரசவத்துக்கு இன்னும் முப்பது நாள் இருக்கிறது; இப்போது தினமும் கடல் பக்கத்துக் காற்றுதான். மனதில் கணக்குப் போட்டேன். சந்தேகம் வந்து மறுபடியும் போட்டேன். இரண்டு முறையும் குழந்தை பிழைக்கவில்லை.

"வேற ஊருக்குப் போயிட்டா?" என்று கேட்டேன்.

"காத்தும் கூட வரும். உங்க ரேஷன் கார்டுல காத்தோட பேரும் ஏறிடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கூடப் பொறந்தவங்க யாராச்சும் இவங்களுக்குப் பதிலா மூச்சு விடலாம். அப்படி விடற வரைக்கும் அவருக்கு வயசு ஏறாது."

"நான் விடறேன்."

என் விரலில் ஊசி குத்தினார். என் ரத்தத்தின் வயது ஐம்பத்தொன்று என்று வந்தது. "அதே தெருதானே," என்று ஏற்றுக்கொண்டார்.

அக்கா என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "டேய் கபிலா, ரெண்டு பேர் மூச்சு. தாங்குவியாடா?"

"தாங்குவேன்."

"அப்புறம் உனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

"எனக்கும் நேரா அறுபதாம் கல்யாணம்தான்."

அக்கா சிரித்தாள்.

"சிரிக்காதம்மா," என்றார் நர்ஸ். "மூச்சு உள்ள போவுது பாரு. எல்லாம் அவருக்குத்தான் போய்ச் சேரும்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாங்குவேன் என்று சொன்னது சரியா என்று தெரியவில்லை. மாடிப்படி ஏறினாலே எனக்கு இரைக்கிறது. இதை அக்காவிடம் சொல்லவில்லை.

வீட்டில் பழகிப் பார்த்தேன். ஒரு மூச்சு எனக்கு, ஒரு மூச்சு அக்காவுக்கு. அக்கா கட்டிலில் அசையாமல் கிடந்தாள். அவள் மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. கண்கள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண் இருட்டியது. ஒரு மூச்சைத் தவறவிட்டேன். அது யாருடையது என்று தெரியவில்லை.

வயிற்றுக்குள்ளிருந்து பெரியவர் இருமினார்.

நாளை: வகுப்புக்கு லீவு சொல்ல வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து அக்காவுக்கும் சேர்த்து மூச்சு விட வேண்டும்.