கடைசி நூறு மீட்டர்

சத்தம் வந்தது, படம் வரவில்லை. லேப்டாப் திரை கறுப்பாகக் கிடக்க, உள்ளே எங்கோ ஒரு மைதானம் விசிலடித்துக்கொண்டிருந்தது. "ரேடியோவுலயாம்மா ஓடின?" என்றாள் பிளஸ் டூ படிக்கும் என் மகள் விஷ்ணுப்ரியா. கேள்வி என் மனைவி மிருதுளாவுக்கு. கல்லூரி ரிலே பந்தயத்தில் கடைசி நூறு மீட்டரை ஓடி, மூன்றாவதாக இருந்த அணியை முதலாவதாகக் கொண்டுவந்து சேர்த்ததாகக் கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறாள். நானும் அன்றிலிருந்தே சிரிக்கிறேன். இன்று காலை குரோம்பேட்டை ஸ்டேஷனில் கண்ணெதிரே ரயிலை விட்டுவிட்டு மறுபடி அதைச் சொன்னாள். "பிளாட்பாரத்துல ஓடவே மூச்சு வாங்குது, இதுல ரிலே வேற" என்று மகள் சிரித்தாள், நானும்தான். வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து ஒரு டிவிடியை எடுத்து என் முன்னால் வைத்தாள் மிருதுளா. "போடுங்க. இன்னிக்குத் தெரிஞ்சுடட்டும்."

எங்கள் லேப்டாப்பில் டிஸ்க் போட வழியில்லை. கீழ்க்கட்டளை வரை போய், நண்பன் ஜெபகுமாரிடம் ஒரு டிரைவ் இரவல் வாங்கி வந்தேன். ஆபீசில் பிரிண்டர் படுத்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அணைத்துப் போடுவேன், வேலை செய்யும். அந்தப் புகழில்தான் காலம் ஓடுகிறது. இங்கேயும் அணைத்துப் போட்டேன். பிளேயரை அழித்து மறுபடி ஏற்றினேன். கடைசியில், அர்த்தம் தெரியாமலே, வீடியோ செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் என்றிருந்த டிக்கை எடுத்துவிட்டேன். புல் வந்தது. வெள்ளைக் கோடுகள் வந்தன. மூன்றாவது ஓட்டக்காரி குச்சியை நீட்டியபடி வளைவில் வர, ஒல்லியான ஒருத்தி கையைப் பின்னால் நீட்டிக் காத்திருந்தாள். அங்கே படம் உறைந்தது. மறுபடி போட்டேன். அதே இடம், அதே கை.

"கரெக்டா உன் டர்ன்ல நிக்குது பாத்தியாம்மா. லேப்டாப்புக்கே நம்பிக்கை இல்ல."

"விடுங்க" என்றாள் மிருதுளா என்னிடம். அதில் சண்டை இல்லை. சண்டை இருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

டிஸ்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பளபளக்கும் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம், கால்குலேட்டர், டிஸ்க் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைப்பது என் இலாகா. எழுத்து இருப்பது முதுகு, பளபளப்பதுதான் முகம் என்று முடிவு செய்த பக்திமான் நான்.

"யாரு வெச்சது இது?" என்றாள் மிருதுளா, எட்டிப் பார்த்து.

"ஒரு முட்டாள்" என்றேன்.

"அப்பான்னு சொல்லு, புரியும்" என்றாள் மகள்.

ஈரத் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைத்துப் போட்டேன்.

குச்சி கை மாறியது. அவளுக்கு முன்னால் இரண்டு பேர். ஒருத்தியை அவள் தாண்டியதை நான் பார்க்கவேயில்லை, அவ்வளவு சீக்கிரம். இன்னொருத்தி திரும்பிப் பார்த்தாள், பார்த்திருக்கக் கூடாது. "அம்மா" என்றாள் விஷ்ணுப்ரியா, மெதுவாக, வேறு யாரையோ கூப்பிடுவதுபோல. என் மனைவி நெஞ்சால் நாடாவை அறுத்துக்கொண்டு, நிற்காமல் ஓடி, படத்தைவிட்டே வெளியே போனாள். கேமரா காலித் தடத்தில் அவளைத் தேடி அலைந்தது.

நான் திரும்பினேன். சோபா விளிம்பில், நைட்டியில், மிருதுளா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காலின் விரல்கள் தரையில் ஊன்றியிருந்தன. குதிகால் உயர்ந்திருந்தது.