சீனி கேட்ட பிள்ளை

இந்தக் காலத்து ஆட்கள் ஓர் ஆட்டுக்குட்டியை அடுத்தவனிடம் விடுவதென்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பெற்ற பிள்ளையை விடுவதென்றால் ஒரு கேள்வியும் கிடையாது. வெள்ளைச் சேலை கட்டி, கையில் சுண்ணக்கட்டி வைத்திருந்தால் போதும், கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மருதமுத்து அப்படிக் கும்பிடுகிற ஆள் இல்லை. மலாய் நாட்டில் காஜா பேராங் பக்கம் பெச்சா என்கிற மூன்று சக்கர வண்டி மிதித்துப் பிழைக்கிறவர். பாலர் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைக் காலையில் கொண்டுவந்து, பகலில் வீட்டில் விடுவது அவர் வேலை. வண்டியில் இருக்கும்வரை பிள்ளைக்கு அவர் பொறுப்பு. இறங்கிய பிறகு யார் பொறுப்பு என்பதில் அவருக்கு எப்போதும் சந்தேகம்தான்.

மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்று பகலில் ஜெயா அழுதுகொண்டே வண்டியில் ஏறியது. ஐந்து வயது, கம்போங் செட்டி என்கிற குடியிருப்புப் பிள்ளை. அந்த வீடுகளில் சாமி நம்ம சாமி, பேச்சு மலாய்ப் பேச்சு. பிள்ளையாவது தமிழ் படிக்கட்டும் என்று தாய்க்காரி ஆசைப்பட்டு அனுப்பியிருந்தாள்.

வாசலுக்கு வந்த ருக்மணி டீச்சர் சிரித்தாள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து இரண்டு மாதம்கூட ஆகாதவள்.

"காலையிலேருந்து இதே பாட்டுதான் தாத்தா. சீனி சீனின்னு ஒரே அழுகை. பல்லு சொத்தையாயிடும்னு மூலையில உக்கார வச்சேன்."

மருதமுத்து குனிந்தார். பிள்ளை வலது காதைப் பொத்திக்கொண்டு, "சாக்கிட்... சீனி..." என்று விசும்பியது.

"அட கூறுகெட்ட பொண்ணே! மலாய்ல சாக்கிட்னா வலி, சீனின்னா 'இங்க'. இங்க வலிக்குது, இங்க வலிக்குதுன்னு காலையிலேருந்து சொல்லியிருக்கு. வாயத்தான் பாத்தியா? கை எங்க இருக்குன்னு பாக்கலியா?"

ருக்மணி பிள்ளையின் காதை வெயிலுக்குத் திருப்பினாள். உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. குண்டுமணி. 'அ' எழுத்தின் மேல் அடுக்கச் சொல்லி அவளே கொடுத்தது. காலையில் மெர்டேக்கா விழாப் பாட்டுப் பழக்க மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவள், தமிழ் தெரியாத பிள்ளையைக் கிண்ணத்தோடு தனியே விட்டிருந்தாள். பதறி விரலை விட்டாள். அது இன்னும் உள்ளே போனது. பிள்ளை வீறிட்டது.

சத்தம் கேட்டு வகுப்பின் செயலாளர் ராஜரத்தினம் ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"குளிக்கிறப்போ தண்ணி பூந்திருக்கும்னு சொல்லிடுங்க டீச்சர். மாசக் கடைசியில பெரிய ஆளுங்க பாக்க வராங்க. பேரு கெட்டா வகுப்பே மூடிடும். உங்க வேலையும் போயிடும்."

மருதமுத்து குறுக்கே வந்தார். "தண்ணின்னு சொன்னா அந்தப் பொம்பள எண்ணெயக் காச்சி ஊத்திட்டு, நாளைக்குச் சரியாயிடும்னு உக்காந்திருக்கும்லா. காது போயிடும்."

"பெரியவரே, நீங்க உங்க வண்டியப் பாருங்க."

"நான் வண்டியத்தான் பாக்குறேன். பிள்ளையப் பாக்கத்தான் இங்க ஆளக் காணோம்."

ருக்மணி வண்டியில் ஏறி, ஜெயாவை மடியில் வைத்துக்கொண்டாள். "மத்த மூணு பேரையும் நீங்க பாத்துக்குங்க சார்."

கம்போங் செட்டியில் சாரோங் கெபாயா கட்டிய தாய்க்காரி வாசலுக்கு ஓடிவந்தாள். பொய் சொல்ல அதைவிட வசதியான இடம் இல்லை. சொல்கிறவளுக்கு மலாய் தெரியாது, கேட்கிறவளுக்குத் தமிழ் தெரியாது. தண்ணீர் கதைதான் வரப்போகிறது என்று மருதமுத்து காத்திருந்தார்.

"நான் சொல்றத அப்படியே சொல்லுங்க தாத்தா. குண்டுமணி நான் குடுத்தது. பாக்காம விட்டது நான். விரல விட்டு உள்ள தள்ளுனதும் நான்."

அவர் ஒரு சொல்கூடக் குறைக்காமல் மலாயில் சொன்னார். தாய்க்காரி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். அதன்பிறகு டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை.

அதே வண்டியில் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே குண்டுமணியை எடுத்தார்கள். செவிப்பறையில் காயம், ஆறினால்தான் காது கேட்குமா என்று தெரியும் என்றார் டாக்டர்.

ருக்மணி வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பாடம் சொல்லிக் குடுக்குறது ரெண்டாவதுதான், தாத்தா. சொல்லத் தெரியாத பிள்ளைய மொதல்ல கண்ணால பாக்கணும். தப்பு நடந்தா பெத்தவங்ககிட்ட உள்ளத உள்ளபடி சொல்லணும். அது ரெண்டும் இல்லாதவ டீச்சர்னு சொல்லிக்கவே கூடாது."

"இன்னிக்குச் சொல்லுற. பெரிய ஆளுங்க வர்ற அன்னிக்கும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

இப்படிச் சொன்னவர்களை மருதமுத்து எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி நடந்தார்.