அறுபத்து நான்கு ஊடை

சுப்பராயலு புடவையை மேசைமேல் விரித்ததும் முதலில் சிரித்தவன் கோகுல்ராஜ்தான். அடுத்த நொடியே அவன் வாய் மூடிக்கொண்டது.

முந்தானையில் வரிசையாக மயில்கள். கொண்டை, கழுத்து, தோகை எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வயிற்றுக்குக் கீழே மட்டும் ஒவ்வொரு மயிலும் தடித்த யானைக் கால்களில் நின்றது. அரக்குப் பட்டில் பளபளக்கும் ஜரிகைக் கால்கள், நகங்கள் உட்பட.

"மயிலுக்கு யானக்கால் வியாதி வந்துகீது பாரு குமரேசா. இத்த எவன் தலயில கட்டறது? நீ கட்டிகினு போறியா?" என்றார் சுப்பராயலு.

ஆரணி கொசப்பாளையத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுத் தரும் கடை குமரேசனுடையது. அங்கே கணினியில் வரைபவன் கோகுல்ராஜ். வரைந்த கோப்பு பென் டிரைவில் தறிக்குப் போகும். தறியின் தலையில் இருக்கும் மின் ஜக்கார்டு கருவி அதைப் படித்து, குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை இழைக்கும் நெடுக்கே உள்ள எந்தெந்தப் பாவு இழையைத் தூக்குவது என்று முடிவு செய்யும். ஜவுளி முதலாளியான சுப்பராயலு முதலில் யானை கேட்டிருந்தார். பிறகு மனம் மாறி மயில் என்றார்.

"மாத்துனேண்ணா. சத்தியமா காலும் சேத்துதான் மாத்துனேன்," என்றான் கோகுல்ராஜ்.

"அப்போ யான தானா வந்து நின்னுச்சா?" குமரேசனின் குரல் ஏறியது. "போன நோண்டிகினே வேல செய்யாதடான்னு எத்தினி வாட்டி சொல்றது? நாளையிலேந்து நீ வராத."

"அவருக்கே அனுப்புனேண்ணா. அவரு வாட்ஸ்அப்புல பாருங்க."

ஆரணியில் டிசைனை யாரும் கோப்பாக அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் முதலாளி ஒப்புதல் சொல்வதற்குள் அடுத்த தெருவில் அது தறி ஏறிவிடும். திரையைக் கைபேசியால் கோணலாகப் படமெடுத்து, களவாட முடியாதபடி நடுவில் கட்டைவிரலை நீட்டி அனுப்புவதுதான் வழக்கம். சுப்பராயலு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடினார். படம் இருந்தது. கோகுல்ராஜின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு மயில், குச்சி குச்சியான சொந்தக் கால்களில் நின்றது.

மூவரும் கணினியைப் பார்த்தார்கள். கோகுல்ராஜ் கோப்பைத் திறந்தான். திரையில் யானைக் கால்.

"சேவ் பண்ணேண்ணா. ஆயிடுச்சுன்னு வந்துச்சு. அப்பறந்தான் மெஷின ஆஃப் பண்ணேன். மறுநா காலையில அப்படியே பென் டிரைவுல போட்டுக் குடுத்தேன்," என்றான்.

இந்தச் சத்தத்துக்குத்தான் மாடியிலிருந்து இளமதி இறங்கி வந்தாள். குமரேசனின் மனைவி. சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவள். கணினியின் நினைவகத்தையும் வட்டையும் மேய்க்கும் அடிப்படை நிரலுக்குக் கர்னல் என்று பெயர். அதைத் திருத்துவது அவள் வேலை. மருத்துவமனைகளின் சர்வர்களுக்காக அவள் எழுதிய ஒரு திருத்தம் அன்று மாலை வெளியாக இருந்தது.

அவளும் முதலில் புடவையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு திரையில் இருந்ததைப் பார்த்தாள். கைபேசியில் இருந்ததையும் பார்த்தாள்.

"கோகுல், யான ஆரம்பிக்கிற வரியும் முடியிற வரியும் சொல்லு. எத்தன ஊடை?"

அவன் எண்ணினான். "அறுபத்தி நாலு அண்ணி."

"சரியாவா?"

"சரியா அறுபத்தி நாலு. மேலயும் கீழயும் கத்தரிச்ச மாதிரி கீது."

அந்தத் தறியில் பாவு இழைகளைத் தூக்க ஐநூற்றுப் பன்னிரண்டு கொக்கி. கொக்கிக்கு ஒரு பிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஓர் ஊடைக்கு அறுபத்து நான்கு பைட். அறுபத்து நான்கு ஊடைக்கு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட். இளமதிக்கு இதைப் பெருக்கிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. கர்னல் நினைவகத்தைத் துண்டு துண்டாகத்தான் ஆளும். துண்டுக்குப் பக்கம் என்று பெயர். ஒரு பக்கத்தின் அளவு அதுதான்.

வரைபவன் தவறு செய்தால் ஒரு கால் விட்டுப்போகும், ஒரு தோகை கோணலாகும். ஒரு பக்கத்தை அளந்து வெட்டியதுபோல எந்த மனிதனும் தவறு செய்ய மாட்டான்.

அந்தக் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது அவள் திருத்திய கர்னல். டிசைன் மென்பொருள், பாட்டு, வீடியோ என்று எப்போதும் நினைவகம் போதாமல் திணறும் இயந்திரம் அது. சோதனைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று அவளேதான் போட்டிருந்தாள். குமரேசனிடம் சொன்னபோது, "ஸ்பீடா ஆவுமா? அப்ப போடு," என்றிருந்தான். ஒரு குறையும் இல்லை என்று அவள் அலுவலகத்துக்கு எழுதியும் அனுப்பிவிட்டாள்.

மாடிக்கு ஓடினாள். மடிக்கணினியில் தன் திருத்தத்தைத் திறந்தாள். இடம் நெருக்கடியாகும்போது கர்னல் ஒரு பக்கத்தை நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்க்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குறி உண்டு: இது திருத்தப்பட்டது, இன்னும் வட்டில் எழுதவில்லை. முதலில் யாரும் எழுத முடியாதபடி பழைய இடத்தின் வழியை அடைக்க வேண்டும். பிறகுதான் அந்தக் குறியைப் படிக்க வேண்டும். வேகத்துக்காக அவள் இரண்டு வரிகளை இடம் மாற்றியிருந்தாள். முதலில் குறியைப் படிக்கிறது, பிறகு வழியை அடைக்கிறது. இரண்டுக்கும் நடுவில், கண் இமைப்பதில் கோடியில் ஒரு பங்கு நேரத்தில், கோகுல்ராஜ் மயிலுக்குக் கால் வரைந்திருக்கிறான்.

கால் புதிய இடத்துக்கு வந்துவிட்டது. அதனால்தான் திரையில் தெரிந்தது. குறி வரவில்லை. திருத்தம் ஏதுமில்லை என்று நம்பிய கர்னல், சேமிக்கச் சொன்னபோது அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனது. கணினியை அணைத்ததும் கால் போனது. வட்டில் இருந்த பழைய யானை எழுந்து வந்தது.

இளமதி அதே வரிகளை மறுபடியும் படித்தாள். அவளை உலுக்கியது வேறொன்று. யானைக் காலைப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். மருத்துவமனைக் கணினியில் பழைய மருந்து அளவு திரும்பி வந்தால் எப்படித் தெரியும்? அதுவும் பார்க்க ஒரு மருந்து அளவுதானே?

சென்னையில் இருந்த மேலாளர் கீதாவை அழைத்தாள்.

"ரிலீஸ நிறுத்துங்க கீதா. என் பேட்ச்ல டேட்டா போகுது."

"என்ன சொல்ற மதி? டெஸ்ட்ல ஒண்ணுமே வரலியே?"

"வந்திருக்கு. கீழ புடவையில நெய்தே வந்திருக்கு. நிறுத்துங்க."

கீதாவின் குரல் தணிந்தது. "மத்த இடத்துக்கெல்லாம் சாயந்தரம்தான். ஆனா வேலூர்ப் பக்கம் ஒரு ஹாஸ்பிடல் அவசரப்பட்டாங்க. அவங்களுக்குக் காலையிலயே குடுத்துட்டோம்."

இளமதி நாற்காலியில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"மெஷின யாரும் அணைக்க வேணாம்னு சொல்லுங்க. மெமரியில இருக்கிறவரைக்கும் சரியானது இருக்கும். அதப் படிச்சு வேற ஃபைல்ல எழுதிட்டா பொழைச்சோம். ஜல்தி!"

கீதா மருத்துவமனையின் கணினிப் பொறுப்பாளரை இணைப்பில் சேர்த்தாள். ஜீவானந்தம் என்றார் அவர், உற்சாகமாக. "அணைக்க வேணாமா? இப்பதாங்க ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணேன். கொஞ்சம் ஸ்லோவா இருந்துச்சு. இப்ப ஜம்முனு ஓடுது."

கீழே சுப்பராயலு ஏதோ சொல்ல, கோகுல்ராஜ் அழும் குரலில் பதில் சொல்வது கேட்டது. இளமதி எழுந்து படிக்கட்டின் தலைக்கு வந்தாள்.

"அவன திட்டாதீங்க. தப்பு என்னோடது. அந்த மெஷின்ல நான் போட்டதுதான் கால தின்னுச்சு," என்று கத்தினாள். குமரேசன் அண்ணாந்து பார்த்தான்.

"ஜீவானந்தம், வார்டுக்குப் போங்க," என்றாள் கைபேசியில். "காலையிலேந்து மாத்தி எழுதினது எதையும் ஸ்கிரீன்ல நம்பாதீங்க. எது போச்சுன்னு எங்களாலயும் சொல்ல முடியாது. பேஷண்ட்டையே கேளுங்க, ஒவ்வொருத்தரா."

அவர் நடக்கும் சத்தம், கதவு, தள்ளுவண்டியின் சக்கரம். போனை அணைக்காமலே ஜீவானந்தம் ஒரு செவிலியிடம் விளக்கியபடி நடந்தார். முதல் கட்டில் சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் ஒரு பெண்ணின் குரல் எரிச்சலாக எழுந்தது.

"இன்னாம்மா பேஜாரு இது? எத்தினி பேருகிட்ட சொல்றது? எம் பொண்ணுக்குப் பென்சிலின் ஆவாது. போட்டா ஒடம்பு தடிச்சு மூச்சு நின்னுபூடும். காலையில ஒரு பொண்ணு வந்து எல்லாம் தட்டிகினு போச்சே!"

"கன்னியம்மா மக அகல்யாதானே?" ஜீவானந்தத்தின் குரலில் உற்சாகம் போய்விட்டது. "இங்க ஸ்கிரீன்ல ஒவ்வாமை இல்லைன்னு இருக்குங்க."

"ஊசி போட்டாச்சா?" கேட்டது இளமதியா கீதாவா என்று பின்னால் இருவருக்குமே நினைவில்லை.

"போட்டாச்சா?"

செவிலியின் குரல் தூரத்திலிருந்து வந்தது. "இல்லீங்க. கையிலதான் வச்சிருக்கேன். சிரிஞ்சுல பென்சிலின எடுத்துட்டேன்."

ஊசி உலோகத் தட்டில் விழும் சத்தம் கேட்டது. கன்னியம்மா இப்போது செவிலியைத் திட்ட ஆரம்பித்திருந்தாள். நடுவில் மகள் ஏதோ சொன்னாள். தெளிவான, உயிருள்ள, சலித்த குரல்.

இளமதி சுவரில் சாய்ந்தாள்.

"அடுத்த கட்டிலுக்குப் போங்க," என்றாள்.