முதல் தண்ணீர்

சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்து வாட்டர் ஃபில்டரில் உப்பை வடிக்கும் பழைய மெம்பிரேனைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அண்ணி என் தலைக்கு மேலேயே பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். வேண்டுமென்றேதான். "சில பேர் வீட்ல மனுசனுக்குக் குழாய்த் தண்ணி, மீனுக்கு ஃபில்டர் தண்ணி," என்று வாணலியிடம் சொன்னாள்.

நாங்கள் நேராகப் பேசிக்கொள்வதில்லை. அண்ணன் வேலைக்கென்று வெளியூர் போனதிலிருந்து அவள் பாத்திரத்திடம் பேசுவாள், நான் சுவரிடம் பேசுவேன். சுவருக்கு என் மீன்களைப் பற்றி எல்லாமே தெரியும். ஒவ்வொரு தடவையும் முட்டையிட்டுத் தாங்களே தின்று தீர்த்த டிஸ்கஸ் மீன் ஜோடி இந்த முறைதான் குஞ்சு பொரித்திருந்தது. அந்தக் குஞ்சுகள் பெற்றவர்களின் விலாவில் ஒட்டிக்கொண்டு, தோலில் ஊறும் வழுவழுப்பைத் தின்றுதான் உயிர் வளர்க்கும். உப்புத் தண்ணீர் ஆகாது, குளிர்ந்த தண்ணீரும் ஆகாது. பச்சைப் பிள்ளையைவிட மோசம்.

புது மெம்பிரேன் கெட்டுப்போகாமல் இருக்க மருந்து போட்டு அடைத்திருப்பார்கள். முதலில் வரும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். புதியதை மாட்டி, ஃபில்டரின் குழாயை சிங்க்கில் விட்டுவிட்டு, "இதுல யாரும் கை வைக்கக் கூடாது," என்று சுவரிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். காரணம் சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு விளக்கம்?

சாயங்காலம் வந்து, மீன்களுக்காக வடித்துச் சேமித்து வைத்திருந்த டிரம்மிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினேன். டிரம்மில் மட்டம் ஏறியிருந்ததை அவசரத்தில் கவனிக்கவில்லை. மீட்டரை விட்டுப் பார்த்தேன், எண் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அந்த மீட்டருக்கு உப்புதான் தெரியும், மருந்து தெரியாது. கொஞ்ச நேரத்தில் பெரிய மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்தன. குஞ்சுகள் விலாவிலிருந்து உதிர ஆரம்பித்தன. அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

"டிரம்ல என்ன ஊத்துனீங்க?"

அண்ணி அடுப்படி வாசலில் நின்றாள். "சிங்க்ல வீணா ஓடுச்சு. வாளியில பிடிச்சு ஊத்துனேன்."

"கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"செவுத்துகிட்டதான சொன்ன."

"அறிவிருக்கா? அதுல மருந்து."

"எனக்கு அறிவு இருக்கு. ஏன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒனக்குத்தான் வாய் வரல."

கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அவளையா என்னையா என்று யோசிக்க நேரமில்லை. தொட்டியில் பாதியை இறக்கி நல்ல தண்ணீர் விட வேண்டும். டிரம் பாழ். ஃபில்டரோ சொட்டுச் சொட்டாகத்தான் தரும். குழாய்த் தண்ணீரில் குளோரின். தண்ணீர் இறக்கும் டியூபைப் பிடித்துக்கொண்டு முட்டாள் மாதிரி நின்றேன்.

அவள் உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் டீ போடுகிறாள் பார், பாவி என்று நினைத்தேன். இரண்டு குடங்களோடு வந்து என் காலடியில் வைத்தாள். மீட்டரை விட்டேன். டிரம்மின் பழைய எண்ணையே காட்டியது. என் தண்ணீர். பழைய மெம்பிரேனில் வடித்து நான் சேர்த்தது. டிரம் குறைந்துகொண்டே போகிறதே, எங்கே கசிகிறது என்று மாதக்கணக்கில் வாஷர் மாற்றி மாற்றிச் செத்திருக்கிறேன்.

"திருடி," என்றேன்.

"ஆமா, குடிச்சேன். நானும் மனுசிதான. மொதல்ல ஊத்து."

குடத்துக்குள் கையை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. தொட்டியின் சூடு, அதே அளவு. இதை நான் இவளிடம் சொன்னதே இல்லை.

டியூபை வாயால் உறிஞ்சிக் கெட்ட தண்ணீரை இறக்கினேன். அவள் குடத்தை இடுப்பில் சாய்த்து நூலாக விட்டாள். "மெல்ல," என்றேன். "தெரியும்," என்றாள் வெடுக்கென்று.

குஞ்சுகள் கண்ணாடித் தரையில் தூசியாய்க் கிடந்தன. தாய் மீன் மூச்சு வாங்கிக்கொண்டே கீழே இறங்கி, அவற்றுக்கு மேலே விலாவைச் சாய்த்துக் காட்டியபடி நின்றது. ஒரு குஞ்சு விலாவை நோக்கி எழும்பியது. பாதியில் நின்றது.