ஆமோஸ் (எ) லோகேஷ்

என் வீட்டுக்காரருக்குப் பெயர் இரண்டு. பள்ளிக்கூடம், ஆதார், கம்பெனி அட்டை எல்லாவற்றிலும் லோகேஷ். கோயிலில் ஆமோஸ். கோயில் என்று எங்கள் காலனியில் சொன்னால் சர்ச். இங்கே கிறிஸ்தவக் குடும்பம் அத்தனையிலும் இதே கதைதான். கிறிஸ்தவன் என்று காகிதத்தில் எழுதினால் எஸ்.சி. போய் பி.சி. ஆகிவிடுவோம். அதனால் காகிதத்தில் இந்து ஆதிதிராவிடர், ஞாயிற்றுக்கிழமை வேறு. "வாரத்துல ஆறு நாள் எஸ்.சி., ஒரு நாள் பி.சி." என்று நான் கேலி செய்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"ஏழு நாளும் காலனிதான்டி" என்பார்.

அதை ஊர்த் தெருக்காரர்கள் ஒரு நாளும் மறந்ததில்லை. வல்லம் வடகாலில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் அவர் குவாலிட்டி பார்ப்பவர். பிசிறு இருந்தால் சிவப்புப் பெட்டியில் போடவேண்டும், அதற்குத்தான் சம்பளம். அன்றைக்கு ஊர்த் தெருப் பையன் ஒருவன் ஓட்டிய மெஷினில் வந்த சரக்கு முழுவதும் சிவப்புப் பெட்டிக்குப் போனது. அந்தக் கம்பெனி நிற்கிற இடம் ஒரு காலத்தில் அவன் தாத்தாவின் நெல் வயல். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது டீக்கடை எதிரில் நான்கு பேராக நின்றிருந்தான்கள்.

"எங்க நெலத்துல நின்னுக்கினு எங்களுக்கே ரிஜெக்ட் போடுறியாடா?" என்று கேட்டான்களாம். அதோடு எங்கள் சாதிப் பெயரையும் சேர்த்தான்கள். இரும்புக் குழாயால் அடித்ததில் தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. பல்லோடு பல்லைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். சாப்பாடு ஸ்ட்ராவில், பேச்சு செல்போனில் தட்டி. கோயில் பாடகர் குழுவை நடத்துகிற மனுஷனின் வாயைப் பார்த்துத்தானா அடிக்கவேண்டும்?

ஆஸ்பத்திரிக்கு என் அம்மாவுக்கு முன்னால் வந்தவர் ஆயரம்மாதான். பியூலா அம்மா. போன வருஷம்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் சபைக்கு ஆயராக மாற்றலாகி வந்தார். இதற்கு முன் இருந்த ஆயர்கள் எல்லாம் இந்த மாதிரி நேரத்தில் தலையில் கைவைத்து ஜெபம் செய்து, பொறுமையாக இருங்கள் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போவார்கள். இவர் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். "சாதாரண அடிதடின்னு எழுதினா நான் எந்திரிக்க மாட்டேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு எழுதினார்கள். நான்கு பேரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். எங்கள் காலனியில் யாரை அடித்ததற்காகவும் ஊர்த் தெரு ஆள் உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுவதும் என் வீட்டுக்காரரைப் பற்றித்தான். "சாதியை வாசலில் செருப்போடு விட்டுட்டு வரலை, உள்ளே கூட்டிட்டு வந்திருக்கோம்" என்று சபையையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தார். ஆராதனை முடிந்ததும் சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஒரகடம் கூட்டுரோடு வரைக்கும் ஊர்வலம். முன்னால் பெரிய பிளெக்ஸ். அதில் என் வீட்டுக்காரர் வெள்ளை அங்கி போட்டு, வாயைத் திறந்து பாடிக்கொண்டிருக்கிற கிறிஸ்மஸ் படம். கீழே, 'எங்கள் சபையின் பாடகர் குழுத் தலைவர் சகோதரர் ஆமோஸ் (எ) லோகேஷுக்கு நீதி வேண்டும்'. கோயிலில் மட்டும் அவரைத் தெரிந்தவர்களுக்கும் கம்பெனியில் மட்டும் தெரிந்தவர்களுக்கும் யார் என்று புரியட்டும் என்று இரண்டு பெயரையும் போட்டிருந்தார்கள். அந்த பிளெக்ஸின் ஒரு கம்பை நான்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன். லாரிக்காரர்கள் எல்லாம் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. எங்கள் வக்கீல் போன் செய்தார். எதிர்த் தரப்பு வக்கீல் அந்த பிளெக்ஸையும் ஊர்வல வீடியோவையும் கோர்ட்டில் கொடுத்துவிட்டாராம். அடிபட்டவர் கிறிஸ்தவர், கிறிஸ்தவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, எங்கள் ஆட்களை வெளியே விடுங்கள் என்று மனு. இனி தாலுகா ஆபீசிலிருந்து வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், அவர்கள் எழுதுவதைப் பொறுத்துத்தான் வழக்கு நிற்கும் என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். "சார், அடிக்கும்போது அவனுங்க மதம் கேட்டா அடிச்சானுங்க? சாதி பேரைச் சொல்லித்தானே அடிச்சானுங்க?"

"அது எனக்கும் தெரியும்மா. சட்டம் அப்படி கீது, நான் இன்னா பண்றது?" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே ஆயரம்மா வந்தார். வக்கீல் அவருக்கும் சொல்லியிருந்தார் போல. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. தரையில் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"என் தப்புதாம்மா. இந்தச் சட்டத்தைப் பத்தி நான் பாடமே எடுத்திருக்கேன். ஆனா எங்க ஊர்ல எங்க சனம் முன்னமே பி.சி.தான், சர்ட்டிபிகேட்டுலயே கிறிஸ்தவம்னுதான் இருக்கும், அதனால எதுவும் போகாது. பிளெக்ஸ் அடிக்கையில எனக்கு அது தோணவே இல்ல பாத்துக்கோ."

அவரே தொடர்ந்தார். "ஒண்ணு சொல்லுதேன். உண்மையைச் சொல்லியே நிப்போம். கிறிஸ்தவன்தான், ஆனாலும் சாதி என்னை விடலைன்னு கோர்ட்டுல சொல்வோம். வழக்கு விழுந்தாலும் அந்தச் சட்டத்தை எதிர்த்து நிப்போம். சபை கூட நிக்கும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "நிக்கிறது நீங்க, விழறது நாங்க!" என்று கத்திவிட்டேன். "உங்களுக்கு அடுத்த வருஷம் வேற ஊர். நாங்க அதே டீக்கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போவணும். அவனுங்க வெளிய வந்தா இந்தத் தடவை தாடையோட விடமாட்டானுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆபீசர் உங்களையும் கூப்பிடுவாரு. இவரு எங்க சபை ஆளு இல்லன்னு சொல்லுங்க. பேரைச் சொல்லி ரோட்டுல கத்தினீங்களே, அதே வாயால சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்லுதியாம்மா?"

"ஆமா. எங்க காலனியே இந்தப் பொய்யைப் பொறந்ததுல இருந்து சொல்லிக்கினு கீது. நீங்க ஒரு நாள் சொல்லுங்க."

ஆயரம்மா எழுந்து போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் உள்ளே கட்டிலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். நான் போனதும் போனைக் காட்டினார். 'அவங்ககிட்ட ஏன் கத்துன?' என்று இருந்தது.

"வேற யார்கிட்ட கத்தறது? சரி, நீங்களே சொல்லுங்க. வர்றவரு கேட்டா இன்னான்னு சொல்லட்டும்? நீங்க யாரு?"

தட்டினார். அழித்தார். திரும்பத் தட்டினார், திரும்ப அழித்தார். கடைசியில் ஒன்றும் எழுதாத போனை மார்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். எனக்கு அழுகையாக வந்தது. இத்தனை வருஷம் கூடப் படுத்து எழுந்தவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்றாவது தெரிந்ததா என்றால் அதுவும் இல்லை. அவனுங்க உள்ளே இருக்கவேண்டும், அது மட்டும் தெரிந்தது.

தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வருகிற நாள் தெரிந்ததும் என் அம்மா லீலா வாலாஜாபாத்திலிருந்து வந்து இறங்கினாள். நான் கல்யாணத்துக்காகத்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். என் அம்மா வீடு இன்றைக்கும் மாரியம்மன் வீடுதான். பையில் அம்மன் படம், குங்குமம், காமாட்சி விளக்கு, ஒரு முழம் கதம்பம். மருமகனுக்குத் தாடை உடைந்த துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும் அவள் முகத்தில் சின்னதாக ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"எப்படியோ சாமி வூட்டுக்குள்ள வந்துச்சே" என்றாள்.

"அம்மா, வாயை மூடு."

சிலுவையைக் கழற்றி அரிசி டிரம்மில் போட்டேன். பைபிளும் பாட்டுப் புத்தகமும் பீரோவில் புடவைக்கு அடியில் போயின. வாசல் கதவில் ஒட்டியிருந்த வசன ஸ்டிக்கர்தான் உயிரை வாங்கியது. புதுவருஷ ஆராதனையில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள், பசை அவ்வளவு நன்றாகப் போட்டிருக்கிறார்கள். தோசைத் திருப்பியால் சுரண்டினேன். வெந்நீர் ஊற்றினேன். பாதி எழுத்து வந்தது, பாதி வருவேனா என்றது. அம்மா அதன் மேலேயே பட்டையாக மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. பெயர் தாண்டவராயன். பைக்கில் வந்தார். நல்ல மனுஷன் போலத்தான் இருந்தார், செருப்பை வெளியே விட்டார். அம்மன் படத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். விளக்கில் அன்றைக்கு ஊற்றிய எண்ணெய் தவிர ஒரு துளி பிசுக்கு இல்லாததையும் பார்த்திருப்பார்.

"நீங்க இன்னா சாமிம்மா கும்புடுறீங்க?"

"மாரியம்மன் சார்." குரல் நன்றாகத்தான் வந்தது. சின்ன வயதில் கும்பிட்ட சாமிதானே, அது பொய்யா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"அவரு?"

"அவரால பேச முடியாது சார்."

"தலையை ஆட்டட்டும் போதும். லோகேஷ், நீங்க இந்துதானே?"

அவர் ஆட்டவில்லை. அம்மன் படத்தையும் பார்க்கவில்லை, ஆர்.ஐ.யையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். ஒரு தலையாட்டு, அவ்வளவுதானே? அதைக்கூடச் செய்யாமல் என்ன பிடிவாதம் இது என்று கோபம் கோபமாக வந்தது. அந்த நேரத்தில் வாசலில் ஆயரம்மா. ஆர்.ஐ.தான் வரச்சொல்லியிருந்தாராம். எப்போதும் கட்டுகிற வெள்ளைப் புடவை இல்லை, கழுத்தில் சிலுவை இல்லை. பூப்போட்ட புடவையில் ஏதோ டீச்சர் மாதிரி இருந்தார்.

ஆர்.ஐ. போனில் பிளெக்ஸ் படத்தை எடுத்துக் காட்டினார். "இது உங்க சபை வெச்சதுதானே?"

"ஆமா."

"இவரு உங்க சபை ஆளா?"

ஆயரம்மா கட்டிலைப் பார்த்தார். அவரும் தலையைத் தூக்கி ஆயரம்மாவைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று எனக்கு ஒரு மனசு, சொல்லிவிடாதீர்கள் என்று ஒரு மனசு.

"இல்ல. எங்க சபை ஆள் இல்ல. அநியாயம் யாருக்கு நடந்தாலும் நாங்க கேப்போம்."

"பாடகர் குழுத் தலைவர்னு போட்டிருக்கே?"

"பாட்டு நல்லா வரும்னு கிறிஸ்மஸுக்குக் கூப்பிட்டோம். பிளெக்ஸ் அடிச்சவங்க அதையும் சேத்துப் போட்டுட்டாங்க. அவரு விருந்தாளி."

"ஞானஸ்நானம்?"

"நான் கொடுக்கல."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கம்பிக்கு உள்ளே நாக்கு புரளுகிற சத்தம். அவர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார், கடைவாயில் எச்சில் வழிந்தது. திரும்பத் திரும்ப ஏதோ ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்றார் ஆர்.ஐ.

"வலிக்குதாம் சார்" என்றேன்.

ஆர்.ஐ. எழுதிக்கொண்டார். "சரிம்மா, நான் பார்த்ததை எழுதிடறேன். பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வழக்கு பிழைத்துவிட்டது என்று புரிந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆயரம்மாவின் காலில் விழுந்து நன்றி சொல்லியிருக்கவேண்டும். ஆனால் அந்த விருந்தாளி என்கிற சொல் எனக்கு ஆறவே இல்லை. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அவர் வாயில்! நான்தான் சொல்லச்சொன்னேன், எனக்கே அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது.

ஆயரம்மா கட்டில் பக்கம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னிடம் மெல்லக் கேட்டார். "ஒரு ஜெபம் பண்ணட்டுமாம்மா?"

என் வீட்டுக்காரர் அதற்குள் கண்ணை மூடி, கையை விரித்து நீட்டிவிட்டார். வெளியே ஆர்.ஐ. பைக் மேல் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பைக்கை இன்னும் எடுக்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது.

"வேணாம்மா" என்றேன். "போங்க."

ஆயரம்மா போனார். கட்டிலில் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நான் போய் அதைப் பிடித்தேன். அவர் கண்ணைத் திறந்து யார் என்று பார்த்தார், பிறகு கையை இழுத்துக்கொண்டார்.