நிலாவை இறக்கிய சீட்டி

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால், நான் குடிக்கும் ஒயினெல்லாம் இன்றே காடியாகப் போகட்டும். ஒயின்மேல் நான் விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் செய்வதில்லை.

ரோன் ஆற்றங்கரையில் எங்கள் ஓபரா அரங்கில் நிலா என் பொறுப்பு. மேடையின் இடது ஓரத்தில் நின்று அதை ஏற்றி இறக்குவேன். எதைப் பிடித்து என்று கேட்காதீர்கள்; கிணற்றில் வாளியை எதில் கட்டி இறக்குவீர்களோ, அதுதான். அந்தப் பொருளின் பெயரை மேடையில் சொன்னவன் எல்லாருக்கும் ஒயின் வாங்கித் தர வேண்டும். எழுதினாலும் வாங்கச் சொல்வார்கள்.

நிலாவில் உட்கார்ந்து அரசி பாடுவாள். பூமியில் ஒரு ரொட்டிக்கடைக்காரன்மேல் அவளுக்குக் காதல். நூற்றைம்பது வருஷமாக நடக்கிற ஓபரா. ஏன் ரொட்டிக்கடைக்காரன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு வருஷம் அதைப் படம் பிடிக்கப் பாரிஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரே மாலை, ஒரே தடவை. அன்று பார்த்து அரசிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பதினொரு வருஷமாகக் கோரஸின் கடைசி வரிசையில் நின்ற ஸிதோனியை நிலாவில் உட்கார வைத்தார்கள். இசை நடத்துநர் வோக்லேன் அவளிடம் வந்தார்.

"அந்த உச்ச ஸ்வரம் வந்துச்சுன்னா இனிமே நீதான் அரசி. வரலேன்னா நாளைக்கே பழைய வரிசை. புரியுதாம்மா?"

அவர் போனதும் ஸிதோனி என் பக்கம் குனிந்தாள். "பெருசு, இப்பவே தலை சுத்துது. ஆட்டிக்கீட்டி வச்சிராத."

"நாப்பது வருஷமா என் நிலா ஆடினதில்ல. நீ ஆடாம இரு, தாயி."

மேடையில் சீட்டியடிக்கக் கூடாதென்று இந்த நாட்டில் அரங்குப் பூனைக்குக்கூடத் தெரியும். அந்தக் காலத்தில் திரை இழுத்தவர்கள் மாலுமிகள். ஒரு சீட்டிக்கு இறக்குவார்கள், இரண்டுக்கு ஏற்றுவார்கள். மாலுமிகள் போய்விட்டார்கள், பழக்கம் எங்கள் கைகளில் தங்கிவிட்டது. படத்தை இயக்க வந்த தெல்மாஸிடம் இதைச் சொன்னேன்.

"உங்க ஊர்ப் பேயெல்லாம் எனக்குப் பழக்கமில்ல பெரியவரே!" என்று சிரித்தான்.

ஸிதோனி முதல் வரியைப் பாடினாள். தெல்மாஸ் சொக்கிப்போய், தன்னை மறந்து ஒரு சீட்டியடித்தான்.

என் கை என்னைக் கேட்கவில்லை. நிலா சர்ரென்று இறங்கி, மேடையையும் தாண்டி, முன்னாலிருந்த வாத்தியக்காரர்களின் குழிக்குள் போய் வோக்லேனை அள்ளிக்கொண்டது. தெல்மாஸ் குஷியில் இரண்டு சீட்டி. நிலா நடத்துநரோடு மேலே போனது. திரைகளை இழுக்கும் மற்ற ஆட்களின் கை சும்மா இருக்குமா? காடு ஏறியது, கடல் வந்தது, கோரஸ் முழங்காலளவு நீரில் பாடியது. ரொட்டிக்கடைக்காரன் அடுப்போடு பறந்து போனான். திரும்பி வந்தபோது ரொட்டி வெந்திருந்தது.

"எறக்குய்யா! எனக்குப் பொண்டாட்டி இருக்கா!" வோக்லேன் ஸிதோனியின் காலைக் கட்டிக்கொண்டு அலறினார்.

"கால விடுங்க சார், பாடணும்!"

"நீ பாடு, நான் விடமாட்டேன்!"

"அப்ப ஒரு கையையாவது ஆட்டுங்க. தாளம் யாரு போடுவா, எங்கப்பனா?"

அவர் ஒரு கையால் தொங்கி, மறு கையால் தாளம் போட்டார். தன்னைவிடப் பயந்தவன் ஒருவன் காலில் தொங்கினால் யாருக்குத்தான் தைரியம் வராது? உச்ச ஸ்வரம் வந்தது. சபையில் மூன்று பொய்முடிகள் எழுந்து நின்றன. அக்கரைத் தேவாலய மணி தானாக அடித்தது.

"நீதான் அரசி, ஒத்துக்கறேன்! எறக்கச் சொல்லு!"

"பெருசு, எறக்கு!"

"சீட்டி இல்லாம கை நகராது, தாயி."

தெல்மாஸுக்கு வாய் உலர்ந்து வெறுங்காற்றுதான் வந்தது. சபையும் உதவவில்லை. எங்கள் ஊரில் பாட்டு மோசமென்றால்தான் சபை சீட்டியடிக்கும். அன்று கைதட்டு, கைதட்டு, கைதட்டுதான். இருபது நிமிஷம் கழித்து மூன்றாம் வரிசையில் ஒரு விமர்சகர், பிறந்ததிலிருந்து எதுவுமே பிடிக்காதவர், ஒரு சீட்டியடித்தார். நிலா பூப்போல இறங்கியது. ஸிதோனி ஓடிப்போய் அவரைக் கட்டி முத்தமிட்டாள்.

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அந்தப் படத்தைப் போடுகிறார்கள். அதில் தொடக்கம் முதல் முடிவுவரை நிலா ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இடது ஓரத்தில் வாயைப் பிளந்து தூங்குகிற நான், ஸிதோனியின் அந்த உச்ச ஸ்வரத்தில்தான் திடுக்கிட்டு விழிக்கிறேன்.