உப்பு குறைந்த வீட்டில் ஐந்து நாட்கள்

1

இது நான் திருடிய கதை. பாறசாலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிசல்டுக்குக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர், வெள்ளறடையில் ரப்பர் தோட்டம் உள்ளவர், தானாகவே சொன்னார். எங்கேயும் எழுதிவிடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். அவருக்கு நேசமணி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

2

முதல் வரி: ‘சிறுநீரகம் நம் உடலின் ஓய்வறியாத…’ வேண்டாம், பள்ளிப் பாடம் மாதிரி இருக்கிறது.

நேசமணியின் மனைவி ஜெயபாய் மனநோய்க்காக இருபத்திரண்டு வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாள். [பல மருந்துகளை ஈரல் உடைத்து அனுப்பிவிடும். லித்தியம் உடையாது. வந்தபடியே சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அதற்கோ லித்தியத்துக்கும் உப்புக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.]

நேசமணிக்குப் பிரஷர் வந்தது. வீட்டில் மீன்கறியிலும் மரச்சீனிக் கிழங்கிலும் உப்பைக் குறைத்தார்கள். ஒரே மாதத்தில் ஜெயபாய்க்குக் கை நடுங்கியது, நாக்கு குழறியது. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். ஐந்து நாள் கழித்து ரத்தம் பார்த்துவிட்டுக் குறைந்த அளவில் தொடங்கலாம் என்றார்.

3

‘நேசமணி கலங்கிப்போனார்’ என்று எழுதியிருந்தேன். பாதிதான் உண்மை. உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்.

மாத்திரைக்கு முந்தைய ஜெயபாய் சர்ச்சில் பாடினால் மற்ற குரல்கள் கேட்காது. நினைத்தால் பஸ் ஏறி, கடல் பார்க்கக் கோட்டுகாலுக்குப் போய்விடுவாள். (கிணற்றுச் சுவரில் ஏறி நின்றதும் அவள்தான். அதைப் பாதி சொல்லி நிறுத்திக்கொண்டார்.) அந்தப் பழைய ஜெயபாய் திரும்பி வருவாளா என்று ஐந்து நாளும் அடுக்களை வாசலில் காது கொடுத்து நின்றாராம். எனக்கும் அவள் வரவேண்டும் போலிருந்தது.

4

ஜெயபாயின் ரிசல்ட் நல்லபடி வந்தது. டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு, நேசமணி ஆட்டோ ஏறிப் போய்விட்டார். இனி எல்லாம் என் கற்பனை. அவர் சொன்ன கதையில் ஜெயபாய் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அது என்னை உறுத்தியது.

வீட்டில், மாத்திரையை இன்னும் இரண்டு நாள் கழித்துத் தொடங்கினால் என்ன என்று நேசமணி இழுக்கிறார். பழைய பாட்டு ஒன்றைப் பற்றிக் கேட்கிறார். ஜெயபாய் கை கழுவிவிட்டு வருகிறாள்.

“நீங்க அவளயாக்கும் தேடுதிய. அவ உங்க கூட ரெண்டு வருசம் இருந்தா. நான் இருபத்திரண்டு வருசமா இங்கதான் உண்டு. என்ன எப்பவாவது தேடினியளா?”

மாத்திரைக்குக் கை நீட்டுகிறாள்.

நேசமணிக்கு மூன்று பதில்கள் எழுதினேன். முதலாவதில் மன்னிப்புக் கேட்டார். இரண்டாவதில் சிரித்து மழுப்பினார். மூன்றாவதில் அவர்

மூன்றையும் அடித்துவிட்டேன். என் வீட்டிலும் நான் தேடாத ஒருத்தி உண்டு, இதை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.